ஐரோப்பா கூடித் தொழில் செய்கிறது: நாம் சறுக்கும் இடங்கள்

ஐரோப்பிய நாடுகள் நான்கு சேர்ந்து எதைச் செய்தாலும் அதை ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் எழுதிவிடுவதுதான் முதல் தவறு. ஜெனீவா அருகே அணுத்துகள்களை ஆராயும் செர்ன் 1954-இலும், ஐரோப்பிய விண்வெளி முகமை 1975-இலும் பிறந்தவை. இரண்டும் ஒன்றியத்தின் உறுப்புகள் அல்ல. தனி ஒப்பந்தம், தனி உறுப்பினர் பட்டியல். 2020-இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் இவ்விரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தும் இரண்டிலும் உண்டு.

வணிகத்தில் நிலைமை நேர்மாறு. ஜெர்மனியின் சான்சலர் டெல்லிக்கு வந்தால், அந்நாட்டோடு வரிக்குறைப்பு ஒப்பந்தம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். சுங்க வரி பேசும் உரிமை அவர் கையில் இல்லை. ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் சேர்த்து ஐரோப்பிய ஆணையமே பேசும். 2024 மார்ச்சில் இந்தியா வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் ஒன்றியத்தோடு அல்ல. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் அடங்கிய இஃப்டா என்ற வேறொரு அமைப்போடு.

கூட்டு முயற்சி தடுமாறினால் தலைவர்களின் சண்டையில் மட்டும் காரணம் தேடுவது இன்னொரு தவறு. ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்தும் ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 500 கிலோமீட்டர் மின்கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கம்பிக் கட்டுகளை வடிவமைத்தவர்கள் வரைபட மென்பொருளின் பழைய பதிப்பையும், பிரான்சின் துலூஸில் இருந்தவர்கள் புதிய பதிப்பையும் பயன்படுத்தினார்கள். உடற்பகுதிகள் துலூஸுக்கு வந்து சேர்ந்து, கம்பிகளை இணைக்கப் போனால் நீளம் எட்டவில்லை. 2006-இல் வரவேண்டிய விமானம், 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கைக்குப் போனது. இடையில் நிறுவனத்தின் தலைமைப் பதவிகள் காலியாயின. மேலே பிரெஞ்சு–ஜெர்மன் அதிகாரப் போட்டி இருந்தது உண்மைதான். ஆனால் இரு ஆலைகளையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவர வேண்டிய வேலையை யாரும் அதட்டி வாங்கவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

வேலையை ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால் கூட்டு செழிக்கும் என்ற எண்ணமும் பிழையானது. 1960-களில் ‘யூரோப்பா’ ராக்கெட்டை அப்படித்தான் கட்டினார்கள்: முதல் அடுக்கு பிரிட்டன், இரண்டாவது பிரான்ஸ், மூன்றாவது ஜெர்மனி, சோதனைச் செயற்கைக்கோள் இத்தாலி. ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப ஆள் இல்லை. ஒரு செயற்கைக்கோளைக்கூட அது சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. அடுத்து வந்த ‘ஆரியான்’ திட்டத்தில் பிரான்ஸ் பெரும்பங்குச் செலவை ஏற்றது, நிர்வாகத்தையும் தன் விண்வெளி மையத்திடமே வைத்துக்கொண்டது. மற்ற நாடுகளுக்கு அதில் மனத்தாங்கல் இல்லாமல் இருந்திருக்காது. 1979 டிசம்பர் 24 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து கிளம்பிய முதல் ஆரியானே சுற்றுப்பாதையை எட்டிவிட்டது.