பழைய செல்போனில் உலக உற்பத்திச் சங்கிலியைப் படிப்பது எப்படி?

தேக்கு பர்மா, சலவைக்கல் இத்தாலி, பூக்கல் ஆத்தங்குடி என்று செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தே சொல்லும் பிள்ளைகளுக்கு, செல்போனையும் அப்படி வாசிக்கக் கற்றுத்தரலாம்.

காரைக்குடி சர்வீஸ் கடை எதிலாவது செத்துப்போன போன் ஒன்றை, சார்ஜரோடு கேட்டு வாங்குங்கள். பேட்டரியைக் கடைக்காரரே கழற்றட்டும். ஒட்டியிருப்பதை நெம்பினால் உள்ளே ஷார்ட்டாகித் தீப்பிடிக்கலாம்.

முதலில் சார்ஜர். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்க எண் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதை இட்டால், உண்மையில் தயாரித்த தொழிற்சாலையின் பெயரும் முகவரியும் வரும். பிராண்டு வேறு, உற்பத்தியாளர் வேறு என்பது பிள்ளைகளுக்கு இங்கேதான் உறைக்கும்.

அடுத்து, போனுக்குள் சிப்புகள் பதித்த போர்டு. 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: ‘2231’ போன்ற நான்கு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த காலம், அதாவது 2022-இன் 31-ஆவது வாரம்.

எல்லாரும் தடுமாறுவது சிப்பில்தான். அதன்மேல் அச்சிட்ட நாடு பெரும்பாலும் பேக்கேஜிங், அதாவது சிலிக்கான் துண்டை உறையிட்டு மூடும் வேலை, நடந்த இடம். சிலிக்கான் வேறெங்கோ உருவாகியிருக்கும். பழைய ஏ.எம்.டி. கம்ப்யூட்டர் பிராசசர் கிடைத்தால் காட்டுங்கள்: ‘டிஃப்யூஸ்ட் இன் ஜெர்மனி’ (சிலிக்கான் உருவான இடம்), ‘மேட் இன் மலேசியா’ என இரண்டும் ஒரே மூடியில் இருப்பதுண்டு. குவால்காம் சிப் என்றால் வடிவமைத்தது அமெரிக்க நிறுவனம், சிலிக்கானை உருவாக்கியது பெரும்பாலும் தைவானின் டி.எஸ்.எம்.சி. அல்லது தென்கொரியாவின் சாம்சங்.

பெட்டியில் ‘மேட் இன் இந்தியா’ என்றிருந்தால் அது கடைசி அசெம்பிளியைத்தான் சொல்கிறது. ஆகவே சார்ட்டில் வடிவமைப்பு, சிலிக்கான், பேக்கேஜிங், அசெம்பிளி என நான்கு பத்தி போடுங்கள். தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுங்கள்.