பெட்டகத்தில் கிடைத்த பிஸ்டல் மேகசின்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்களின் ஊர் இந்தச் செட்டிநாடு. பர்மாவிலும் மலேயாவிலும் போரைப் பார்த்துவிட்டு வந்த பெட்டிகள் இங்குள்ள வீடுகளில் இன்னமும் திறக்கப்படாமல் கிடக்கின்றன. அப்படி ஒன்றிலிருந்தோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையிலிருந்தோ ஒரு பிஸ்டல் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகும் உலோகக் கூடு, கைக்கு வந்தால் என்ன செய்வது?

முதலில் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். தோட்டா தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். வெளியே தள்ளிப் பார்ப்பது, தட்டுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

காலியாக இருந்தாலும் சட்டம் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியோடு அதன் பாகங்களையும் கணக்கில் கொள்கிறது. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அதில் அடங்குமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். வாங்குவதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

அடுத்தது துடைப்பது. புளியும் பிராசோவும் பித்தளைக் குத்துவிளக்குக்கு ஆகும், இதற்கு ஆகவே ஆகாது. லேசாக எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பளபளவென்று தேய்த்த மேகசினில் எண்ணும் முத்திரையும் மழுங்கிப்போயிருக்கும். போன விலை திரும்பாது.

இனி அடிப்பகுதியைச் சாய்வெளிச்சத்தில் பிடியுங்கள். பாதி ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. வட்டத்துக்குள் வட்டமாகக் கடைந்த மரக்கட்டை, நிக்கல் பூசிய உடல், தகட்டை மடித்து இணைத்த தையல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் முதல் உலகப்போர்க் காலத்து ஜெர்மானிய லூகர் பிஸ்டலின் மேகசினாக இருக்கலாம். கட்டையில் எண் பொறித்திருக்கும். எண்ணோடு ‘+’ குறி இருந்தால், அது அந்தப் பிஸ்டலுக்குக் கொடுத்த இரண்டாவது மேகசின். பின்னாளில் மரத்துக்குப் பதில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தன. உடலும் தையலில்லாத ஒரே குழாயானது. ‘எஃப்.எக்ஸ்.ஓ’ என்ற ரோமன் எழுத்துகள் ஹேனல் நிறுவனத்தின் போர்க்காலக் குறியீடு. ‘2/1001’ என்று இருந்தால் அது போருக்குப் பிந்தைய கிழக்கு ஜெர்மனித் தயாரிப்பு. மரக்கட்டை மட்டும் புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கட்டையை மாற்றுவது சுலபம்.

பர்மாப் பெட்டிகளுக்குப் பொருத்தமானது ‘நம்பு’ என்ற ஜப்பானியப் பிஸ்டலின் 14-ஆம் வகை. 1925-இல் வந்த 8 மி.மீ. பிஸ்டல், 8 தோட்டா பிடிக்கும். முந்தியவை நிக்கல், பிந்தியவை கருநீலப் பூச்சு. அமெரிக்காவின் 1911 கோல்ட் பிஸ்டல் மேகசின் 7 தோட்டா பிடிக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தவற்றின் அடித்தகட்டு ஓரத்தில் எஸ், ஆர், எல், ஜி என்ற ரோமன் எழுத்துகளில் ஒன்றைக் காணலாம். முறையே ஸ்கோவில், ரிஸ்டன், லிட்டில், ஜெனரல் ஷேவர் என்ற தயாரிப்பாளர்கள். அடியில் கயிறு மாட்டும் வளையம் இருந்தால் இன்னும் பழையது.

“வெள்ளைக்கார அதிகாரியின் வெப்லி மேகசின்” என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். அவர்கள் பரவலாக வைத்திருந்த வெப்லி ரிவால்வருக்கு மேகசினே கிடையாது. 13 தோட்டா பிடிக்கும் பிரவுனிங் ஹை-பவர் வகை வேறு கதை: அதே வடிவப் பிஸ்டலை இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை நம் ராணுவத்துக்குச் செய்திருக்கிறது. பழம்பொருள் என்று எண்ணி அதை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

விலை என்று வரும்போது ஆச்சி சொன்ன கதைக்குத் தனி மதிப்பில்லை. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா, வாய் மடிப்பு நெளியாமல் இருக்கிறதா, அடிக்கட்டை அசலா, முத்திரை தெளிவா என்று பாருங்கள். பிஸ்டலின் எண்ணோடு பொருந்துவதுதான் எல்லாவற்றிலும் மேல். ஆனால் பிஸ்டல் இல்லாமல் அதை நிரூபிக்க முடியாது. அதனால் எண் இருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஒப்பிடுவதற்கு வெளிநாட்டு ஏலங்களில் விற்று முடிந்த விலையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலை வெறும் ஆசைதான்.

அந்த விலைக்கு இங்கிருந்தே அனுப்பிவிடலாம் என்ற கணக்கும் செல்லாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. முதல் உலகப்போர் லூகர் மேகசின் அந்த வயதைக் கடந்துவிட்டது.