டிராக்டர் புதையும் மூலையிலிருந்து தொடங்குங்கள்: சொந்த நிலத்தில் காட்டுயிர்களுக்கு இடம் விட்டு, அதற்கு உதவி பெறும் வழி

எங்கள் நிலத்தின் வடகிழக்கு மூலையில் வருடத்துக்கு ஒரு தடவையாவது டிராக்டர் புதைந்துவிடும். மொத்த நிலம் 22 ஏக்கர். அந்த மூலை 2 ஏக்கர்கூட வராது. அப்பா அங்கே தண்ணீரை வடியவைக்க ஒரு வாய்க்கால் வெட்டினார். அது தூர்ந்துபோனது. இன்னும் ஆழமாக ஒன்று வெட்டினார். அப்படியும் பாதி விதை அழுகிவிடும். மிஞ்சியதை அறுத்தால் டீசல் செலவுக்கே காணாது. நிலம் என் பேருக்கும் தம்பி பேருக்கும் வந்த பிறகு, அந்த வாய்க்காலை அடைத்துவிட்டோம். செலவில் முக்கால் பங்கை ஒரு காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு, 10 ஆண்டுகள் அந்த இடத்தில் ஏர் வைக்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டோம். அதில் 9 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இப்போது மழை முடிந்த இரவுகளில் அந்தப் பக்கம் நின்றால், தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஏழு பேர் என்னிடம் வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்டது, எவ்வளவு பணம் கிடைக்கும் என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

நிலத்தை நடந்து பாருங்கள்

ஒரு தாளில் நிலத்தின் உருவத்தைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, கடும் வெயிலில் ஒரு தடவை, அறுவடை முடிந்ததும் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை என்று நடங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்த மரத்தில் பொந்து இருக்கிறது, எந்த வேலிக்கடியில் ஏதோ புகுந்து போன தடம் இருக்கிறது, எந்த ஓரத்தில் பயிர் எப்போதும் நோஞ்சானாக நிற்கிறது, எல்லாவற்றையும் குறியுங்கள்.

காட்டுயிர்களுக்கு வேண்டியவை நான்கு: இரை, தண்ணீர், ஒளிந்துகொள்ள இடம், குஞ்சு பொரிக்க இடம். இந்த நான்கும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் தாளில் பெரும்பாலும் மூன்று ஏற்கெனவே இருக்கும். எது இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. எங்கள் நிலத்தில் ஓடை இருந்தது, புதர் இருந்தது. ஆனால் ஓடைக்கும் புதருக்கும் நடுவே 200 அடிக்கு மொட்டையான உழவு நிலம். தரையில் ஊர்ந்து போகிற எதுவும் அதைக் கடக்கத் துணியாது.

இன்னொன்று: பட்டுப்போன மரம் நின்றால் உடனே கோடாரியை எடுக்காதீர்கள். பாதைக்கு மேலோ வீட்டுக்கு மேலோ விழும் இடத்தில் இல்லையென்றால் அது நிற்கட்டும். மரங்கொத்தி அதில் பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் ஆந்தை வரும், வௌவால் வரும். பட்ட மரத்துக்கு ஈடாக நாம் கட்டித்தரக்கூடியது எதுவும் இல்லை.

தாளின் பின்பக்கத்தில் ஒன்று எழுதுங்கள்: இந்த நிலத்திலிருந்து உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்? எனக்கு மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், மேற்குப் பக்கம் விளைச்சல் குறையக் கூடாது. அதை எழுதாமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள். எதை விட முடியாது என்று தெரிந்தவர்தான் எதை விடலாம் என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

உதவி எத்தனை விதம்

உதவி என்றால் பணம் மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நான்கைந்து விதமாக வருகிறது; ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியதும் வேறு. நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மிக லேசானது, ஆலோசனை மட்டும் தருவது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1981-இல் தொடங்கிய ‘லேண்ட் ஃபார் வைல்ட்லைஃப்’ இந்த வகை. ஒருவர் வந்து நிலத்தைப் பார்ப்பார், யோசனை சொல்வார், வாசலில் மாட்ட ஒரு பலகை தருவார். சட்டப்படி எந்தக் கட்டும் கிடையாது. தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்தது செலவைப் பங்கிட்டுக்கொள்வது. அமெரிக்க மீன், காட்டுயிர்ச் சேவை என்ற அரசு அமைப்பு 1987-இல் தொடங்கிய ‘பார்ட்னர்ஸ்’ திட்டம் இப்படித்தான் நடக்கிறது. ஈரநிலத்தை மீட்பது, ஓடைக்கரையைச் சீராக்குவது போன்ற வேலைகளுக்கு ஆளும் அறிவும் பணமும் தருவார்கள். நிலக்காரர் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதைக் கலைக்கக் கூடாது. நாங்கள் போட்டதும் இந்த மாதிரி ஒப்பந்தம்தான்.

மூன்றாவது, ஆண்டு வாடகை. அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தோடு வந்த நிலக் காப்புத் திட்டத்தில், எளிதில் மண் அரித்துப்போகும் வயலைப் பயிரிடாமல் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டால் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு வாடகை வரும். கோஸ்டா ரிகா 1997 முதல் காட்டை வைத்திருக்கும் நிலக்காரர்களுக்குப் பணம் தருகிறது. அதற்கான நிதியில் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. வண்டி ஓட்டுகிறவர், மரத்தை நிற்கவிடுகிறவருக்குக் கொடுக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நான்காவது கனமானது: நிரந்தர உடன்படிக்கை. நியூசிலாந்தில் 1977-இல் சட்டம் போட்டு உருவாக்கிய இரண்டாம் எலிசபெத் அரசி தேசிய அறக்கட்டளை, விவசாயிகளோடு இதைச் செய்கிறது. நிலம் உங்களுடையதாகவே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் பத்திரத்தில் ஏறிய கட்டுப்பாடு வாங்குகிறவரையும் கட்டும். இதில் கையெழுத்துப் போடுமுன், நிலத்தில் பங்குள்ள எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். அமைப்பின் வழக்கறிஞர் நல்லவராகவே இருந்தாலும் உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின்மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதத்தையும் முதலிலேயே கேளுங்கள்.

இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2002-இல் வந்த திருத்தம் ‘சமூகக் காப்பகம்’ என்ற வழியைத் திறந்தது. ஒரு தனிநபரோ ஊராரோ தாமாக முன்வந்தால், அவர்களுடைய நிலத்தை மாநில அரசு அப்படி அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே இதையும் கனமான வகையில்தான் சேர்ப்பேன். கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூர் இந்த வகைக் காப்பகம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, மக்களின் மரங்களில் கூடு கட்டுகின்றன.

ஐந்தாவது, பணமே இல்லாத உதவி. பலருக்கு அதுதான் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் அரிய மரங்கொத்தி, முதிர்ந்த பைன் மரங்களில் மட்டும் பொந்து குடையும். அது வந்துவிட்டால் சட்டம் கையைக் கட்டிவிடும் என்று பயந்து, மரம் முதிர்வதற்கு முன்பே வெட்டிவிடும் பழக்கம் நிலக்காரர்களிடம் வந்தது. 1995-இல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். இன்று உங்கள் நிலத்தில் எத்தனை பறவைக் கூட்டம் இருக்கிறதோ அதைக் கணக்கெடுத்து எழுதிக்கொள்வோம் என்றார்கள். உங்கள் முயற்சியால் அதற்குமேல் வருகிறவற்றுக்காக உங்கள்மேல் புதிய கட்டுப்பாடு வராது என்று உறுதி கொடுத்தார்கள். ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்று அதற்குப் பெயர். அரிய உயிரினம் இருக்கும் பகுதியில் உங்கள் நிலம் இருந்தால், எவ்வளவு பணம் என்று கேட்பதற்கு முன் இப்படியொரு உறுதி கிடைக்குமா என்று கேளுங்கள்.

கள அலுவலர் வரும் நாள்

வேளாண் அலுவலகம், வனத்துறை, நீர்ப்பாசன அமைப்பு, பறவைக்காகவோ மீனுக்காகவோ இயங்கும் தன்னார்வ அமைப்பு, இவற்றில் எங்கே தொடங்கினாலும் சரி, ஒருவர் நிலத்துக்கு வந்து நடக்க வேண்டும். நடக்காமல் மேசையிலேயே திட்டம் எழுதித் தருகிறேன் என்பவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்களிடம் வந்த அலுவலர் அம்மா, ரப்பர் பூட்ஸோடு ஈரத்தில் இறங்கி ஒரு கைப்பிடி மண்ணைப் பிசைந்து பார்த்தார். “இது வயல் இல்லைங்க, இது எப்பவுமே குட்டைதான்” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். அப்பா ஆயுள் முழுக்க எதோடு மல்லுக்கட்டினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். எந்தக் களைக்கொல்லி அடித்தீர்கள், எங்கே குழாய் புதைத்திருக்கிறீர்கள், பக்கத்து நிலக்காரரோடு எல்லைத் தகராறு உண்டா, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எங்கள் வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வயலில் ஏறுமா என்பதை அவர் மட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தோம். பக்கத்து நிலத்து அண்ணனையும் அன்றே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பின்னால் அவர் குறை சொல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நீங்களும் கேளுங்கள். வறட்சி வந்து நட்டதெல்லாம் காய்ந்தால் யார் மறுபடி நடுவது? சோதனைக்கு எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டு வருவார்கள்? வெளியாட்கள் உள்ளே வர அனுமதி தர வேண்டுமா? நடுவில் நிலத்தை விற்க நேர்ந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? காலம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப உரிமை உண்டா? வாயால் சொன்ன பதில் போதாது. தாளில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பணத்தில் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான செலவுப் பங்கீட்டில் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். வேலையைப் பார்த்துச் சரி என்றபிறகுதான் பணம் திரும்ப வரும். அதைவிட முக்கியம், இரு தரப்பும் கையெழுத்துப் போடும் முன் செய்த வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று நான் ஓடைப்பக்கத்து வேலிக்குக் குழி தோண்டிக் கம்பம் நட்டேன். ஒப்பந்தம் மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த வேலிக்கான செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. தாமதமாகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆகவே பருவத்துக்கு ஓர் ஆண்டு முன்பே பேச்சைத் தொடங்குங்கள். இன்னொரு பக்கம், உங்கள் உழைப்பையும் டிராக்டர் ஓட்டிய மணிகளையும் உங்கள் பங்காக ஏற்கும் திட்டங்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்.

வேலை நடக்கும்போது

சின்ன வேலைகள்தான் அதிகப் பலன் தருகின்றன. குட்டைக் கரையைச் செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாகச் சரியவிடுங்கள். கொக்குக்கும் உள்ளானுக்கும் கணுக்கால் ஆழம்தான் வேண்டும். மாட்டுத் தொட்டிக்குள் ஒரு சரிவுப் பலகை வையுங்கள், விழுந்த குருவி ஏறி வரட்டும். விலங்கு கடக்கும் இடத்தில் வேலியின் கீழ்க்கம்பி முள்ளில்லாததாக இருக்கட்டும். குட்டிகள் நுழையும் உயரத்துக்கு அதைத் தூக்கிக் கட்டுங்கள். புல் அறுப்பதைத் தரையில் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளிப்போடுங்கள். அறுக்கும்போதும் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகாதீர்கள். அப்படிப் போனால் எல்லா உயிரும் கடைசித் துண்டுப் புல்லுக்குள் ஒதுங்கி அங்கேயே அறுபடும். நடுவில் தொடங்கி வெளியே வாருங்கள்.

விளைச்சலை விட மனமில்லாதவர்களுக்கு இங்கிலாந்தில் வானம்பாடிப் பறவைக்காக விடும் வெற்றுத் திட்டுகளைச் சொல்வேன். குளிர்காலக் கோதுமை வயலில், ஹெக்டேருக்கு இரண்டு இடத்தில் விதைக்காமல் விடுவார்கள். ஒவ்வொன்றும் 16 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கும். பயிர் அடர்ந்த பிறகும் பறவை இறங்கி இரை தேட அந்த இடம் போதுமாக இருக்கிறது.

வேலை தொடங்கும் முன் ஒரு கம்பத்தை ஊன்றி, அதன் தலையில் கேமராவை வைத்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே மாதம், அதே கம்பம், அதே திசை. சோதனைக்கு வருகிறவரிடம் இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கள அலுவலர் மாறிப்போனால் புதிதாக வருகிறவருக்கும் இதுவே முழுக் கதையையும் சொல்லும். எங்களுக்கு இதுவரை மூன்று பேர் மாறிவிட்டார்கள்.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. போன வாரம் தம்பியும் நானும் 9 படங்களையும் வரிசையாகத் தரையில் பரப்பினோம். வாய்க்காலை மறுபடி திறக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பத்தியில் அன்றே விரல் வைத்துக் காட்டச் சொல்லியிருந்தேன். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அந்தப் பழைய தாளை எடுத்து, ஓடைக்கும் புதருக்கும் நடுவே இருக்கும் 200 அடி உழவு நிலத்தின்மேல் பென்சிலால் கோடு போட்டான். அவன் போட்ட கோட்டோடு விண்ணப்பத்தை இந்த மாதமே அனுப்புகிறோம்.