புது கேபிளை மாட்டும் முன் பழையதை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்

கார்த்திகை மாத மழையில் ஏற்காட்டு மாமா போன் செய்தார். "வலது பக்க ஸ்பீக்கர் மங்கிப் போச்சு கண்ணு. சேலத்துல நல்ல கேபிளா ஒண்ணு வாங்கிட்டு வா." கடைவீதியில் ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள் வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடு. மழைக்காலத்தில் மதியம் மூன்று மணிக்கெல்லாம் மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். துணி காயாது, தீப்பெட்டி பற்றாது.

சிடி பிளேயரின் பின்னாலிருந்து பழைய கேபிளை உருவினேன். பின்கள் பளபளப்பு போய் மங்கிக் கிடந்தன. புதியதைப் பிரிக்கும் முன் ஒரு யோசனை வந்தது. பழையதையே துடைத்து, திருகி இறுக்கமாக மாட்டிப் பாட்டை ஓடவிட்டேன். வலது பக்கம் முழுசாகத் திரும்பி வந்தது.

"புதுசு நல்லா இருக்குது கண்ணு" என்றார் மாமா.

"இல்லீங்க மாமா, இது பழசேதானுங்க."

அன்றைக்கு யோசிக்காமல் புதியதை மாட்டியிருந்தால், எல்லாம் கேபிளின் மகிமை என்று நானும் நம்பியிருப்பேன். முதன்முறையாகக் கேபிள் மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த விளக்கத்தை எழுதக் காரணம் அந்தச் சாயங்காலம்தான். என்ன மாற்றினோம், எதனால் மாறியது என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், வேண்டாத செலவு தானாகக் குறையும்.

படி 1: எந்தக் கேபிள் என்ன வேலை செய்கிறது

வீட்டு செட்டில் மூன்று வகை உண்டு. சிடி பிளேயர், டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் பிளேயர்) போன்றவற்றிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வருவது ஆர்சிஏ கேபிள். சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது ஸ்பீக்கர் ஒயர். மூன்றாவது ஆப்டிகல், கோஆக்சியல் போன்ற டிஜிட்டல் கேபிள், ஒலியை எண்களாகக் கொண்டுபோவது. இதில் பழுது வந்தால் சத்தம் விட்டு விட்டு வரும், அல்லது அடியோடு நின்றுவிடும். ஒழுங்காக ஓடுகிறது என்றால் அதை மாற்றுவதில் காசைப் போடாதீர்கள்.

படி 2: பழையதைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டுங்கள்

முதலில் ஆம்ப்ளிஃபையரை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஆர்சிஏ பிளக்கில் நடுப்பின்தான் முதலில் உள்ளே தொடும், வெளி வளையம் பிறகுதான் தொடும். ஆம்ப் ஓடும்போது செருகினால் அந்த இடைவெளியில் பெரிய உறுமல் கிளம்பி ஸ்பீக்கரைப் பதம் பார்த்துவிடும்.

கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளக்கைப் பிடித்து லேசாகத் திருகியபடி வெளியே எடுங்கள். துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நல்லது. செல்போன் சர்வீஸ் செய்கிறவர்களிடம் 'ஐபிஏ' என்று கேட்டால் தெரியும். பஞ்சில் கொஞ்சம் நனைத்து நடுப்பின்னையும் வளையத்தையும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். குத்துவிளக்கு துலக்குகிற பழக்கத்தில் விபூதியையோ உப்புத்தாளையோ எடுத்துவிட வேண்டாம். மேல்பூச்சு தேய்ந்துபோனால் அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

ஸ்பீக்கர் ஒயரின் முனைகளையும் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் அந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

இப்போது இரண்டு நாள் பாட்டு கேளுங்கள். உங்களுக்கு இருந்த குறை இதிலேயே தீர்ந்திருந்தால், இந்த விளக்கத்தை இங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 3: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஸ்பீக்கர் ஒயருக்குக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் எளிய கணக்கு. ஒயரின் மின்தடை, போக வரச் சேர்த்து, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 0.4 ஓம் வரை. எலக்ட்ரீஷியன்கள் 'ஒன்றரை ஸ்கொயர்' என்று சொல்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மீட்டருக்குச் சுமார் 0.012 ஓம். ஸ்பீக்கர் 4 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 8 மீட்டர், ஆகச் சுமார் 0.1 ஓம். தாராளம். ஆனால் அதே ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் தூரம் மெல்லிய அரை ஸ்கொயர் ஒயரை இழுத்தால் முக்கால் ஓம் ஆகிவிடும். சத்தம் குறையும், குரலும் பாஸும் தம் அளவு மாறி ஒலிக்கும். இந்த இடத்தில் ஒயர் மாற்றினால் காதுக்கு உண்மையாகவே தெரியும். பெரிய கூடம், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இரண்டரை ஸ்கொயர் வாங்குங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது வேறொன்று: உள்ளே இருப்பது செம்புதானா? மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த ஒயர் சந்தையில் நிறைய உண்டு. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமான கதை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அலுமினியம் மட்டமான உலோகம் இல்லை, கரண்ட் கம்பியெல்லாம் அதுதான். ஆனால் மின்சாரம் கடத்துவதில் செம்பில் சுமார் 60 சதவீதம்தான் அது. செம்பு விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது, அவ்வளவே. ஓர் இழையைப் பிரித்துக் கத்தியால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது முழுச் செம்பு இல்லை. அலுமினிய ஒயர் கையில் எடுத்தாலே எடை குறைவாகவும் இருக்கும். வெள்ளீயம் பூசிய செம்பும் வெளியே வெள்ளையாக இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும்.

வெள்ளிக் கேபிள் பற்றியும் சொல்ல வேண்டும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த ஊரில் அதற்கு ஒரு மயக்கம் இருப்பது இயல்பு. உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான், மறுப்பில்லை. ஆனால் செம்பைவிட அது 5, 6 சதவீதம்தான் மேல். செம்பு ஒயரைக் கொஞ்சம் தடிமனாக வாங்கினால் அந்த வித்தியாசம் சரியாகிவிடும். விலை வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் ஸ்டாண்டு வாங்கலாம்.

ஆர்சிஏ கேபிளில் பார்க்க வேண்டியது மேல் கவசமும் பிளக்கின் பிடிமானமும்தான். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கணும். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் தன்மை, மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் இருக்கும். மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜின் (டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் பாகம்) மேல்சுருதி ஒலியை அது மாற்றக்கூடியது. கார்ட்ரிட்ஜுடன் வரும் தாளில் எவ்வளவு இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள்.

படி 4: ஸ்பீக்கர் ஒயரை மாட்டுவது

முனையில் 1 சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையைச் சீவுங்கள். இழைகளை ஒரே திசையில் இறுக்கமாக முறுக்குங்கள். ஓர் இழைகூடப் பிரிந்து பக்கத்து முனையைத் தொடக்கூடாது, தொட்டால் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம். முனையில் ஈயம் வைத்துத் திருகில் மாட்டுவது பலர் செய்கிற தவறு. ஈயம் மெத்தென்று அமுங்கிக்கொண்டே போகும், சில மாதத்தில் பிடி தளர்ந்துவிடும். வெறும் செம்பாக மாட்டுங்கள், அல்லது டெர்மினல் துளையில் நேராகச் செருகும் பனானா பிளக் போடுங்கள். மாட்டியதும் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

ஒயரின் ஒரு பக்கத்தில் சிவப்புக் கோடோ வரியோ இருக்கும். அந்தப் பக்கம் இரண்டு முனையிலும் சிவப்பு டெர்மினலுக்கே போகணும். சந்தேகம் இருந்தால் ஒயரை ஆம்ப்ளிஃபையர் பக்கம் கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் சிவப்பு ஒயரில். வூஃபர் (பாஸ் ஒலிக்கும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக இருந்தால் பாஸ் மெலிந்துவிடும், பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறும். புது ஒயர் போட்டதும் இசை திறந்து விரிகிறது என்று சந்தோஷப்பட்ட ஒரு நண்பர் வீட்டில் நடந்தது இதுதான்.

இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருப்பது நல்லது. ஒரு மீட்டர் கூடக் குறைய இருந்தால் குடி முழுகிவிடாது.

மாட்டி முடித்ததும் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் கேபிளைத் திட்டும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஒரு சுவரிலும் ஆம்ப் இன்னொரு சுவரிலும் எர்த் எடுத்தால், கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டாகி நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே புகும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து.

படி 5: கேட்டுப் பார்ப்பது

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். ஒலியின் நுணுக்கத்தைக் காது சில விநாடிகளுக்கு மேல் நினைவில் வைத்திருக்காது. நேற்றுக் கேட்டதையும் இன்று கேட்பதையும் ஒப்பிடவே முடியாது. அது போக, கொஞ்சம் சத்தம் கூடினாலும் 'தெளிவு கூடிவிட்டது' என்றே மனசு சொல்லும். அதனால் வால்யூம் குமிழில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்சிஏ கேபிளுக்கு ஒரு சுலப வழி உண்டு. சிடி பிளேயரின் அவுட்புட்டை இரண்டாகப் பிரிக்கும் 'ஒய்' இணைப்பான் வாங்கி, பழைய கேபிளை ஆம்பின் சிடி இன்புட்டிலும் புதியதை ஆக்ஸ் இன்புட்டிலும் மாட்டுங்கள். டர்ன்டேபிளுக்கான போனோ இன்புட் மட்டும் வேண்டாம். இப்போது செலக்டரைத் திருப்பினால் ஒரு கணத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம். ஸ்பீக்கர் ஒயர் என்றால் ஒரு பக்கம் மட்டும் புதிய ஒயர் போட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய மோனோ பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பேலன்ஸ் குமிழை இங்கும் அங்கும் திருப்புங்கள்.

நன்றாகப் பழகிய பாட்டில் அரை நிமிடத் துண்டு போதும். தனிக் குரல் ஒன்று, மிருதங்கமோ தவிலோ முழங்குகிற ஒன்று. வித்தியாசம் தெரிகிறது என்று தோன்றினால், வீட்டில் ஒருவரைச் செலக்டர் பக்கம் உட்கார வைத்து, நீங்கள் திரும்பி உட்காருங்கள். அவர் காசு சுண்டி, தலை விழுந்தால் பழையது, பூ விழுந்தால் புதியது என்று 10 தடவை போட்டுக் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் எது எது என்று சொல்லுங்கள். 10-க்கு 9 சரியாக வந்தால், குருட்டாம்போக்கில் அது நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். அப்போது நம்பலாம்.

கேபிள் 100 மணி நேரம் ஓடினால்தான் பழகும் என்பார்கள். அத்தனை நேரத்தில் பழகுவது நம் காதுதான். ஆகவே வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் நாள் இருக்கும்.

தை மாதம் மறுபடி மலைக்குப் போனபோது மாமாவுக்கு இதைச் செய்தோம். அத்தை காசு சுண்டினார். மாமா கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துச் சொன்னார். 10-க்கு 6 சரி. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பின்னு இறுக்கமாப் புடிக்குது, புதுசையே போட்டு வெச்சிரு கண்ணு" என்றார். பழையதைத் துடைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.