தொற்றுநோய்க் காலத்தில் பங்குச் சந்தையை வாசிப்பது எப்படி?

இந்தியா போன்ற வளரும் நாட்டின் சந்தையில் தொற்றுநோய் புகும்போது, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் அந்நிய முதலீட்டாளர்களின் வாங்கல், விற்றல் கணக்கைப் பாருங்கள். பங்குச் சந்தைகள் இதை அன்றன்று மாலையே வெளியிடுகின்றன. 2020 மார்ச்சில் மட்டும் அவர்கள் நிகரமாகச் சுமார் 62,000 கோடி ரூபாய் மதிப்புள்ள இந்தியப் பங்குகளை விற்றார்கள். விற்ற பணம் டாலராக வெளியேறுவதால் ரூபாய் சரிகிறது. ரூபாய் சரியச் சரிய, மிச்சமிருக்கும் முதலீட்டின் டாலர் மதிப்பும் குறைவதால் அடுத்தவரும் அவசரமாக விற்கிறார். ஆகவே ரூபாயின் மதிப்பையும் இந்தக் கணக்கையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மார்ச் 23 அன்று ரூபாய் டாலருக்கு 76-ஐத் தாண்டியது. அன்று காலையிலேயே சந்தைக் குறியீடுகள் 10 சதவீதம் சரிந்து, லோயர் சர்க்யூட் எனப்படும், வர்த்தகத்தை நிறுத்த வேண்டிய சரிவு எல்லையைத் தொட்டதால் வர்த்தகம் 45 நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கிய பிறகும் விற்பனை ஓயாமல், மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 3,934 புள்ளிகளை இழந்து 25,981-இல் முடிந்தது. இத்தகைய நாளில் விற்பவர்களில் பலர் விரும்பி விற்பதில்லை. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் ஈடாகக் கட்டிய மார்ஜின் தொகை போதாமல் போகும்போது, தரகு நிறுவனமே அவர்களுடைய பங்குகளை விற்றுவிடும். எனவே நல்ல நிறுவனத்தின் பங்கும் வீழ்ந்துவிட்டதே என்று பதறி, முழுப் பணம் கொடுத்து டெலிவரியில் வாங்கி வைத்திருப்பதை அந்த விலையில் விற்பது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது மத்திய வங்கிகளின் நடவடிக்கை. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தேவையான அளவுக்குக் கடன் பத்திரங்களை வாங்குவதாக மார்ச் 23 அன்று அறிவித்தது. நான்கு நாள் கழித்து இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 5.15 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாகக் குறைத்தது. நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டதோ மார்ச் 24 இரவில். அதற்கு முந்தைய நாளின் முடிவுதான் சென்செக்ஸின் அடிமட்டமாக அமைந்தது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியது என்ற மதிப்பீடு ஆகஸ்ட் இறுதியில் வெளியானபோது குறியீடு 38,000-க்கு மேல் நின்றது. பொருளாதாரப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருந்து முடிவெடுப்பவர், சந்தை ஏற்கெனவே கடந்துவிட்ட இடத்தில்தான் நிற்பார்.

மருந்து, தகவல் தொழில்நுட்பத் துறைகள் விரைவாக எழுந்ததும், விமானம், ஹோட்டல், திரையரங்குத் துறைகள் நெடுநாள் தவித்ததும் எல்லோரும் அறிந்ததே. துறையைவிட நிறுவனத்தின் கையிருப்பை ஆராய்வது முக்கியம். மாதம் 10 கோடி ரூபாய் நிலையான செலவும் 60 கோடி ரொக்கமும் உள்ள நிறுவனம், விற்பனையே இல்லாவிட்டாலும் ஆறு மாதம் தாங்கும். ஆனால் அதற்குள் 40 கோடி கடனைத் திருப்ப வேண்டியிருந்தால் இரண்டு மாதம்தான் தாங்கும். இருப்புநிலைக் குறிப்பில் ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய கடன், பங்குதாரர் விவரத்தில் ப்ரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) அடமானம் வைத்த பங்குகளின் அளவு ஆகிய இரண்டையும் பார்த்த பிறகே வாங்குங்கள். அப்போதும் முழுத் தொகையையும் ஒரே நாளில் போடாமல், சில மாதங்களுக்குப் பிரித்துப் போடுங்கள்; வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் ஓராண்டுக்கு வேண்டிய பணத்தை வங்கி வைப்பில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை மட்டுமே இதற்குப் பயன்படுத்துங்கள்.