அண்ணனின் மருத்துவக் கடனும் எங்கள் வீட்டின் ஜப்தியும்

அண்ணனின் சிறுநீரகச் சிகிச்சைக்காகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடன் திருப்பிச் செலுத்தப்படாமல் நின்றதால், தந்தை வழியில் எங்கள் இருவருக்கும் சரிபாதியாக வந்த வீடு முழுவதையும் நீதிமன்றம் ஜப்தி செய்திருப்பதை, சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான் அறிந்தேன். புரோநோட்டில் நான் கையெழுத்திடவில்லை. ஆயினும் என் பாகமும் சேர்ந்தே முடங்கியிருந்தது. மூலப் பத்திரம், வாரிசுச் சான்று ஆகியவற்றுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 58-இன் கீழ் நான் தாக்கல் செய்த உரிமை மனுவின் பேரில், ஜப்தி அண்ணனின் பிரிபடாத அரைப் பாகத்துக்கு மட்டும் என்று குறைக்கப்பட்டது. (ஏலம் முடிந்துவிட்டால் அம்மனு ஏற்கப்படாது, நல்லவேளையாக ஏலத் தேதி குறிக்கப்படவில்லை.) அண்ணன் பாகத்தை வெளியாள் வாங்கிப் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தால், குடும்பக் குடியிருப்பு என்பதால் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி நாங்களே அதை விலைக்குக் கேட்கலாம் என்றார் வழக்கறிஞர், அதற்கும் பணம் வேண்டுமே! ஆகவே தவணைகளில் கடனை அடைத்து, கடன் கொடுத்தவர் முழுத் தொகையும் பெற்றதாக நீதிமன்றத்தில் பதியச் செய்து, ஜப்தி நீக்க உத்தரவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்த்த பின்னரே வில்லங்கச் சான்றில் அந்த நீக்கம் ஏறியது.