வீட்டு இன்ஸ்யூரன்ஸ் கிளெய்ம்: வெள்ளம் வடிந்த பிறகு செய்யக் கூடாதவை

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டு வாரம் கழித்து தூத்துக்குடி, நெல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. இப்படி ஒவ்வொரு மழைக்குப் பிறகும், பாலிசி வைத்திருந்தவர்கள்கூட "பணம் வரலை சார்" என்று புலம்புவதைக் கேட்கலாம். கம்பெனிகள் இழுத்தடிப்பது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பல கிளெய்ம்களில் சண்டை ஆரம்பிக்கும் முன்பே நம் பக்கத்து ஆதாரம் குப்பை வண்டியில் ஏறிப் போயிருக்கும்.

முதல் இரண்டு நாள்

ஊறிப்போன சோபாவையும் உப்பிப்போன கப்போர்டு கதவுகளையும் தெருவில் போடுவதுதான் பலரும் முதலில் செய்யும் வேலை. வீடு நாறும்போது வேறென்ன செய்வது என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அதற்கு முன் கால் மணி நேரம் செலவழித்து, வாசலிலிருந்து ஒவ்வொரு அறையாகப் போனில் வீடியோ எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். அங்கே ஒரு டேப்பைப் பிடித்துத் தரையிலிருந்து எத்தனை அடி என்று தெரியும்படி படம் எடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாவற்றின் பின்பக்கத்திலும் மாடல் எண், சீரியல் எண் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கும். அதையும் எடுங்கள். பில் கிடைக்காதபோது அந்த ஸ்டிக்கர்தான் கைகொடுக்கும்.

தண்ணீரை இறைப்பது, கூரைக்குத் தார்ப்பாய் போடுவது போன்றவை தவறல்ல. சேதம் பெருகாமல் தடுக்க வேண்டியது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. தவறு எதுவென்றால், யாரும் வந்து பார்ப்பதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி, பெயின்ட் அடித்துவிடுவது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் தாமதமானால், "நாளை மறுநாள் இன்னின்ன பொருள்களை அப்புறப்படுத்தப் போகிறேன், அதற்குள் வந்து பாருங்கள்" என்று கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள். அப்புறம் அவர்கள் வரவில்லையென்றால் அது அவர்கள் பாடு.

தகவல் சொல்லும்போது டோல்ஃப்ரீ எண்ணில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள். கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நாள் மெயிலும் அனுப்புங்கள். கரன்ட் இல்லை, டவர் இல்லை என்று நாலு நாள் தாமதமாகியிருந்தால் அந்தக் காரணத்தையும் எழுதிவிடுங்கள். நியாயமான கிளெய்மைத் தாமதத்தை மட்டும் காட்டி இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

வாயால் கெடுவது

கடிதத்தில் "சுவரெல்லாம் ஈரம், ஓதம் ஏறியிருக்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. வெள்ளம், புயல், மழைநீர் தேங்கிப் புகுவது ஆகியவற்றுக்குப் பாலிசியில் இடம் இருக்கிறது. மெதுவாக நாள்பட ஊறும் கசிவுக்கும் பராமரிப்பில்லாமல் வந்த பழுதுக்கும் பொதுவாக இல்லை. நடந்தது வெள்ளம் என்றால் வெள்ளம் என்றே எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து புகுந்தது, எவ்வளவு உயரம், எத்தனை நாள் நின்றது.

சர்வேயர் வரும்போதும் இதே கதைதான். பெரிய தொகை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் பெற்ற சர்வேயரைக் கம்பெனி அனுப்பும். அவர் கம்பெனி ஊழியர் அல்ல. ஆனால் அவருக்குக் கட்டணம் தருவது கம்பெனிதான். அவரை எதிரியாக நடத்த வேண்டாம், காபி கொடுத்தால் சாதகமாக எழுதுவார் என்றும் நினைக்க வேண்டாம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த விரிசல் எப்போதிலிருந்து இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்பார். "அது ரொம்ப நாளா லேசா இருந்தது சார், இப்போ அகலமாயிடுச்சு" என்று வீட்டுக்காரர் வெள்ளந்தியாகச் சொல்வார். அறிக்கையில் "முன்பே இருந்த விரிசல், பராமரிப்புக் குறைவு" என்று மட்டும் ஏறும். அகலமான கதை ஏறாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. பழையது எது, வெள்ளத்தால் வந்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள், அதையே அன்று மாலை மெயிலிலும் எழுதி அனுப்புங்கள். போன பொங்கலுக்கு ஹாலில் எடுத்த குடும்பப் படம் இருக்குமே, அதில் பின்னால் தெரியும் சுவர் விரிசல் இல்லாமல் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

மதிப்பீடு கொடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். மேஸ்திரியிடம் லெட்டர்பேடில் "மொத்தம் 3 லட்சம்" என்று எழுதி வாங்கிக் கொடுத்தால் சர்வேயர் அதைத் தன் இஷ்டத்துக்கு வெட்டுவார். எத்தனை சதுர அடி பூச்சு பெயர்க்க வேண்டும், எத்தனை பாயின்ட் வயரிங் மாற்ற வேண்டும், எத்தனை அடி கப்போர்டு என்று அயிட்டம் வாரியாக ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். பிரிட்ஜைப் பழுது பார்த்தாலே போதும் என்று சர்வேயர் சொன்னால், பழுது பார்க்க முடியாது என்பதை சர்வீஸ் சென்டர்காரர்தான் எழுத்தில் தர வேண்டும்.

அப்புறம் அந்தப் பிரபலமான அறிவுரை: "பத்துக்குப் பதினைந்தாகப் போடு, எப்படியும் குறைப்பான்." கேட்காதீர்கள். பாலிசியில் மோசடி நிபந்தனை என்று ஒன்று இருக்கிறது. ஒரு டிவிக்குப் போலி பில் வைத்தது தெரிந்தால், உண்மையான சேதத்துக்கு வர வேண்டிய தொகையும் சேர்ந்தே போகும்.

பாலிசியைப் படிக்காமல் சண்டை போடுவது

வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியில் ஏதோ பிரீமியம் பிடித்தார்கள், அதனால் வீட்டுக்கு இன்ஸ்யூரன்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். சிலருக்கு அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கும். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வேறு சிலருக்குக் கட்டடம் மட்டும் சேர்ந்திருக்கும், உள்ளே இருக்கும் சாமான் சேர்ந்திருக்காது. வங்கியிடம் முழுப் பாலிசி நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்க அட்டவணை போதாது. எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் விதிவிலக்குகளை வாடிக்கையாளரிடம் தெரிவிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு அவற்றைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே நகல் வந்ததா, எப்போது வந்தது என்பதும் வழக்கில் ஒரு விஷயமே.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. இதில் கட்டடத்துக்குப் போடும் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே பாதுகாப்பு உண்டு. நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொரு நல்ல அம்சம், குறைவான தொகைக்கு இன்ஸ்யூர் செய்திருந்தாலும் அந்த விகிதத்தில் கிளெய்மை வெட்ட மாட்டார்கள். பழைய வகைப் பாலிசிகளில் வெட்டுவார்கள்: 40 லட்சம் பெறும் கட்டடத்தை 20 லட்சத்துக்குப் போட்டிருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் கஸ்டமர் கேரில் கத்திப் பிரயோஜனமில்லை. வீட்டின் சந்தை விலையைச் சொல்லி வாதாடுவதும் வீண். காப்பீடு கட்டுமானச் செலவுக்குத்தான், மனை விலை அதில் வராது.

மறுப்பு வந்த பிறகு

"உங்க கிளெய்ம் அப்ரூவ் ஆகலை சார்" என்று போனில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணத்தோடு, பாலிசியின் எந்த விதிப்படி என்று குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். மறுப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பின்னால் வழக்கில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதத்தின் மதிப்பு அதுதான். கூடவே சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். சர்வேயர் அறிக்கை முக்கியமான ஆவணம்தான், ஆனால் அதுவே கடைசி வார்த்தை அல்ல என்பதும் 2009-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். உங்கள் இன்ஜினியரின் மதிப்பீடு இங்கேதான் வேலைக்கு வரும்.

இன்னொரு சங்கடம், முழுதாக மறுக்காமல் பாதித் தொகை தருவது. "முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வவுச்சரில் கையெழுத்து கேட்பார்கள். கையில் காசில்லாதவர் போட்டுவிடுவார், பிறகு எல்லாம் முடிந்தது என்று ஒதுங்கிவிடுவார். வவுச்சரில் கையெழுத்து போட்டது மட்டுமே உரிமையைப் பறிக்காது. ஆனால் ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கினார்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். முடிந்தால் அந்தத் தாளிலேயே "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதுங்கள். அனுமதிக்கவில்லையா, பணம் வந்த அன்றே மெயிலில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கே போவது என்பதில் வரிசை முக்கியம். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்ஸ்யூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் நடுவரான இன்ஸ்யூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். கம்பெனியின் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், பிடிக்காவிட்டால் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆத்திரத்தில் நேரே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே விஷயத்தை ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். இலவசமாகக் கிடைத்த ஒரு வாய்ப்பு வீணாகிவிடும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, கட்டிய பிரீமியத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது தீர்மானமாகிறது. அதனால் வீட்டுப் பாலிசி வழக்குகள் அநேகமாக எல்லாமே மாவட்ட அளவிலேயே வரும். கெடு 2 வருடம். மறுப்புக் கடிதம் வந்த பிறகும் "மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று மாதாமாதம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தக் கெடு நீளாது. மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.